கோட்டையடியில் பிடித்த வெளிச்சம்

சில வருடங்களுக்கு முன், சோளகக் காற்று அடங்கி வருகிற புரட்டாதி மாதக் கடைசியில், மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்கிற எங்கள் ஊர்க் கரையில் நடந்தது இது. எழுதச் சொல்லி நச்சரித்தவள் என் தங்கச்சி. எழுதினால் பாரம் குறையும் என்பது அவளுடைய எண்ணம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

கலியாணத்துக்கு முன் நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் செய்த வேலைதான். வெயிலில் கனத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டவேண்டும். காலையில் களத்தில் இறங்குவதற்கு முன் செய்கிற முதல் காரியம், கையில் இருக்கிற கருவியின் வயர்கள் சேருகிற இடங்களைக் கழற்றிப் பார்ப்பது. ஈரம் இருக்கிறதா, களிம்பு பிடித்திருக்கிறதா, உள்ளே இருக்கிற ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து மாட்டவேண்டும். அந்த இடம் சரியில்லை என்றால் கருவி பொய் சொல்லும். கருவி பொய் சொன்னால் நம் கால் நமக்கில்லை. அப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? கலியாணமாகி வந்த வீட்டில் தண்ணீர் மோட்டரின் பிளக்கைக்கூட நான் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். மாமி என்னை ‘வெடி எடுக்க வந்த மருமகள்’ என்று சொல்லிப் பகிடி பண்ணுவார்.

வேலை முடிந்து அந்த நிறுவனம் எங்கள் பக்கத்தை விட்டுப் போனபோது, பாவித்த வாகனங்களை விற்றார்கள். அதில் ஒரு ட்ரெயில் பைக்கை நான் எடுத்தேன். உயரமான வண்டி. பல்லுப் பல்லாக ரயர். மணல், சேறு, பற்றைக்காடு எதிலும் போகும். பெண்பிள்ளை இதில் ஏறிப் போகிறாளே என்று முதலில் ஊர் வாயைப் பிளந்தது, பிறகு களைத்துப் போய் மூடிக்கொண்டது. அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் ஓடினால்தான் அதன் ஹெட் லைட் எரியும். முறுக்கினால் வெளிச்சம் கூடும், கையை விட்டால் மங்கிவிடும். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

என் மனுசன் சின்னப் போட்டில் தனியாகப் போய்க் கிட்டக் கடலில் நண்டு வலை விடுகிறவர். கரையில் இருந்து நண்டுப் பெட்டிகளை என் பைக்கில்தான் ஏற்றுவார். மணலில் வேறு ஒன்றும் இறங்காது. பெட்டியில் இருந்து உப்புத் தண்ணீர் வழிந்து சீட்டுக்குக் கீழே போகும். அங்கே வயரும் வயரும் சேருகிற பிளாஸ்டிக் மூட்டுகள் இருக்கின்றன. கனெக்டர் என்போமே, அதுதான். எங்கள் காற்றே உப்பு. அதற்கு மேல் இந்தத் தண்ணீரும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்து அரித்துப் போகும். சனிக்கிழமைகளில் நான் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, துளி வஸ்லின் பூசி மாட்டுவேன்.

அவருக்கு இது பிடிக்காது. எங்கள் கரையில் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. போட் எஞ்சின் வயரோ, பைக் வயரோ, வீட்டு மீட்டர் வயரோ, எதுவாக இருந்தாலும் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கிறீஸ் அப்பிவிடுவார்கள். கடலில் இருந்து வந்த ஈரக் கையோடுதான் சுற்றுவார்கள். அந்தக் கையில் இருக்கிற உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டுப் போகும். வெளியில் பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். என் மனுசன் கேட்கவே மாட்டார்.

“உப்புத் தண்ணி உள்ளுக்குப் போகக் கூடாதெல்லே, அதுக்குத்தான் கட்டுறன்” என்பார்.

“உள்ளுக்கு ஏற்கெனவே போனது எப்பிடி வெளியில வரும்? மூடி வைச்சால் கிடந்து அவியுமெல்லே” என்பேன்.

“உனக்கு எல்லாத்தையும் கழட்டிப் பாக்கோணும், எனக்கு எல்லாத்தையும் கட்டிப் போடோணும். ஆண்டவர் நல்லாத்தான் சோடி சேத்திருக்கிறார்.”

கடைசியில் எல்லை பிரித்துக்கொண்டோம். சீட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் என் பகுதி. ஹெட் லைட்டுக்குப் பின்னாலும், பின் சிவப்பு லைட்டடியிலும் இருப்பது அவர் பகுதி. என் பகுதியை அவர் கட்டக் கூடாது, அவர் பகுதியை நான் அவிழ்க்கக் கூடாது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் இந்த விசயத்தில் சண்டை ஓய்ந்தது. அவர் தன் பகுதியில் ரியூப் நாடாவால் சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அன்று காலை கடல் அசையாமல் கிடந்தது. விடிவதற்கு முன் நான்தான் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் இறங்குதுறையில் விட்டேன். வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது ஹெட் லைட் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது. அவர் பின்னால் இருந்து எட்டி, லைட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஒழுங்காக எரிந்தது. “பாத்தியே, தட்டினால் சொல்வழி கேக்கும்” என்றார். போட்டைத் தள்ளிக்கொண்டே, மத்தியானம் நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை ஒடித்து வைக்கச் சொன்னார். சரி என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். தினமும் போய் வருகிற ஆளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

வெயில் உச்சிக்கு வருவதற்குள் தென்மேற்கில் இருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அடங்கிவிட்டது என்று நினைத்த சோளகம் திரும்பி வந்து ஒரே அறைதான் அறைந்தது. மழை கிடையாக அடித்தது. கரண்டும் போனது. கிட்டக் கடலுக்குப் போன மற்றப் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எங்கள் போட் மட்டும் சுணங்கியது. முதலில் நான் பயப்படவில்லை. மழை விட்டதும் வருவார் என்று முருங்கையிலையை ஆய்ந்து சுளகில் பரப்பி வைத்தேன்.

பின்னேரம் ஆகியும் அவர் வரவில்லை. பெரிய போட்டில் இரண்டு பேர் தேடிப் போய், அலையைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தார்கள். கடற்படைக்காரருக்கும் சொன்னோம், அவர்களும் தேடுவதாகச் சொன்னார்கள். அவருடைய போனுக்கு எடுத்தால் அந்தப் பெண்குரல்தான் மூன்று பாசையிலும் வந்து, தொடர்பு கொள்ள முடியாது என்று சொன்னது. மாமி வீட்டுக்குள் செபமாலையோடு முழங்காலில் இருந்தார். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், ஆள் வந்ததும் நடந்தே போகவேண்டும் என்றார். ‘வந்ததும்’ என்ற அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கரையில் ஒரு போட் சுணங்கினால், இருட்டிக்கொண்டு வருகிற மைமல் நேரத்தில் அல்லிராணி கோட்டையடிக்கு வெளிச்சம் கொண்டுபோவது வழக்கம். இடிந்து கிடக்கிற பழைய கட்டடம் அது, கடலுக்கு மேலே மண்மேட்டில் நிற்கிறது. அங்கே பிடிக்கிற வெளிச்சம் தூரத்துக்குத் தெரியும். அதை வலது கைப் பக்கமாக வைத்துக்கொண்டு வந்தால் எங்கள் இறங்குதுறை. இடது பக்கமாக விட்டு வந்தால் கல்லுப்பார், போட்டைக் கிழித்துவிடும். மற்ற நாட்களில் இறங்குதுறைக் கம்பத்து லைட்டும் கோவில் லைட்டும் இருக்கும். அன்று ஊரே இருட்டு. கோட்டையடிக்கு முச்சக்கரவண்டி ஒன்றைக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஈரமண்ணில் புதைந்துவிட்டது. லொறியைக் கொண்டுபோனால் மேடு இடிந்து விழும்.

என் பைக்தான் மிச்சம். தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். பற்றைக்குள்ளால் ஏற்றி, மேட்டின் விளிம்புக்குக் கொஞ்சம் இங்கால் நிறுத்தி, முன் சக்கரத்தைக் கடலுக்கு நேரே திருப்பி முறுக்கினேன். வெளிச்சம் நீட்டாகப் போய் மழைக்குள் விழுந்தது. அந்த நேரம் எனக்குள் வந்த தைரியத்தைச் சொல்ல முடியாது. இந்தா, நான் இங்கே நிற்கிறேன், இதைப் பார்த்து வா என்று அவருக்குச் சொல்வது போல இருந்தது.

வெளிச்சம் நின்றுவிட்டது.

ஒருதரம் மினுங்கியது, பிறகு ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. அவர் தட்டின மாதிரியே தலையில் தட்டினேன். அறைந்தேன். எனக்கு அது சொல்வழி கேட்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, தங்கச்சியைப் போன் ரோச்சைப் பிடிக்கச் சொல்லி, ஹெட் லைட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். அங்கே அவருடைய கட்டு இருந்தது.

என்னிடம் சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு சின்னப் பை இருக்கும். திருப்புளி, பிளேட், பிரஷ், துணி. பிளேட்டை எடுத்து வெட்டினேன். ஒரு சுற்று, அதற்குக் கீழே இன்னொரு சுற்று, அதற்குக் கீழே கிறீஸ், அதற்குக் கீழே பிறகும் ரப்பர். ஒவ்வொரு முடிச்சும் வலை முடிச்சு. பிளேட் வழுக்கி விரலை வெட்டியது. நான் அவரைத் திட்டிக்கொண்டே வெட்டினேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். தங்கச்சி “அக்கா, இப்ப பேசாதேங்கோ, அந்த மனுசனை இப்ப பேசாதேங்கோ” என்று அழுதாள். பேசாமல் இருந்திருந்தால் பிளேட்டை எறிந்துவிட்டு நானும் அழுதிருப்பேன். அதனால்தான் பேசினேன்.

உள்ளே நான் நினைத்தபடிதான். பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக்கைத் திறந்ததும் ஒரு ஊசி பொடியாகி மழைத்தண்ணீரோடு என் உள்ளங்கையில் வழிந்தது. தேய்த்து மாட்டுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. கனெக்டரையே வெட்டி எறிந்தேன். வயர்களின் தோலைச் சுரண்டினேன். அதற்குள்ளும் கறுப்பு ஏறியிருந்தது. நல்ல செம்பு தெரியும்வரை பின்னால் பின்னால் வெட்டிக்கொண்டு போனேன். வயர் கட்டையாகிக்கொண்டு வந்தது, இன்னும் கொஞ்சம் வெட்டினால் எட்டாது. பெற்றோல் குழாயை இழுத்துத் துணியில் நனைத்து, கிறீஸையும் ஈரத்தையும் துடைத்தேன். இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்தேன். அவை விலகாமல் பிடிக்க ஏதாவது வேண்டும். டேப் நனைந்து போய் ஒட்டவில்லை. கீழே சேற்றில் கிடந்த அவருடைய ரியூப் நாடாவைத்தான் எடுத்து, துடைத்து, இழுத்து இறுக்கிச் சுற்றினேன். முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து இறுக்கினேன், அவர் இறுக்குகிற மாதிரியே.

உதைத்தேன். வெளிச்சம் வந்தது.

எவ்வளவு நேரம் இருட்டாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அதைக் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. முதலில் தெரிந்த வெளிச்சத்தை நம்பித் திரும்பின ஒருவர், அது திடீரென்று இல்லாமல் போனதைப் பார்த்தாரா? பார்த்தால் என்ன நினைத்திருப்பார்? இன்றைக்கும் அரிசி களையும்போதோ உடுப்புத் தோய்க்கும்போதோ இந்த நினைப்பு வரும். வந்தால் கை அப்படியே நின்றுவிடும். அவர் மத்தியானமே போயிருப்பார் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்கள். ஆள் மத்தியானமே போய்விட்டான் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கை கடுக்கக் கடுக்க முறுக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி கத்தினாள். கடலில் ஒரு பொட்டு வெளிச்சம். யாரோ ரோச்சை ஆட்டுகிறார்கள். நான் கையை விட்டு விட்டு முறுக்கினேன், வெளிச்சம் மங்கி மங்கிக் கூடியது. அந்தப் பொட்டும் அதேபோல ஆடியது. எங்கள் வெளிச்சத்தை வலது கைப் பக்கமாக வைத்துச் சரியாகத் துறைக்குப் போனது. வழி தெரிந்த கை அது. அவர்தான் என்று நான் ஓவென்று அழுதேன். மாதாவே, மாதாவே என்று கத்தினேன். துறையில் நின்ற சனம் தண்ணீருக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் அடங்கியது.

நல்ல செய்தி என்றால் ஓடி வருவார்கள். யாராவது ஒருவர் கோட்டையடி ஏறிக் கத்திக்கொண்டு வருவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் ஓடி வரவில்லை.

கடைசியில் ஒரு ஆள் ஏறி வந்தார். நடந்து வந்தார். நனைந்த சாரம், நரைத்த தாடி, தோளில் ஒன்றுமில்லை. நான் முன்பு கண்டிராத மனுசன். சிலாவத்துறைப் பக்கத்து ஆள் என்றும், முள்ளிக்குளத்துக்கு நேரே வலை விட்டிருந்தபோது காற்றில் அகப்பட்டவர் என்றும், கூடப் போனது அவருடைய மருமகன் என்றும் பிறகுதான் தெரிந்தது. அவர் பைக்குக்கு முன்னால் வந்து, அந்த வெளிச்சத்துக்குள் நின்று, இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மகள், நீங்களா வெளிச்சம் புடிச்சது? கரையே தெரியல்ல. நாங்க மௌத்து எண்டுதான் நெனச்சோம். நல்லா இருப்பீங்க மகள்.”

எனக்குள் என்ன வந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறுப்பு. அந்த மனுசன் உயிரோடு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் மனுசன் வரவேண்டிய வழியில் இவர் வந்துவிட்டார், ஒரு இடம்தான் இருந்தது, அதை இவர் எடுத்துக்கொண்டார் என்று ஒரு எண்ணம். புத்தியில்லாத எண்ணம்தான். அப்போது புத்தி எங்கே இருந்தது?

“உங்களுக்கு நான் வெளிச்சம் பிடிக்கேல்லை” என்றேன். “என்ர மனுசனுக்குப் பிடிச்சனான்.”

தங்கச்சி என் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் தாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். கடலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேட்டால் இறங்கிப் போனார். போகட்டும் என்று இருந்தேன். வீட்டில் அவருக்காகவும் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள்.

என் பைக்கின் சத்தம் மாறத் தொடங்கியது. பெற்றோல் முடிகிறபோது வருகிற அந்த இருமல். ரிசேவுக்குத் திருப்பினேன். அதுவும் அதிக நேரம் வராது என்று தெரியும். அந்த நேரம் அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்னக் கான். எங்கள் பக்கத்துப் போட்டுகள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. குளிர்ந்த எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் தனியாக வைத்திருப்பார்கள். அதைத்தான் போட்டில் இருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“ஒயில் கலந்தது மகள், பொகை வரும். பரவாயில்ல, எரியும்” என்று சொல்லி, நான் கேட்காமலே பைக்கின் பெற்றோல் ராங்கியைத் திறந்து ஊற்றினார். மருமகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். “நீங்க கொஞ்சம் இரிங்க. கையைத் தாங்க” என்றார். என் விரல்கள் பிடியை விட்டு வரவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிளேட் வெட்டின விரலில் இருந்து இரத்தம் பிடி முழுக்கப் பிரண்டிருந்தது. அவர் அதைத் தன் சாரத்தில் துடைத்துவிட்டு, பைக்கின் பக்கத்தில் நின்று முறுக்கத் தொடங்கினார்.

நான் ஈரமண்ணில் இருந்தேன். அவர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே முறுக்கினார். கை மாறி மாறி, விடியும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். இடையில் பெற்றோல் முடிந்தபோது துறையில் இருந்து யார் யாரோ போத்தலில் கொண்டுவந்தார்கள். கடலில் இருந்து பிறகு ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. வெளித்தபோது மழை விட்டிருந்தது. கடல் வெறுமையாக, முந்தின நாள் காலையில் கிடந்த மாதிரியே அசையாமல் கிடந்தது. அந்த மனுசன் எஞ்சினை நிற்பாட்டினார். அவ்வளவு நேரம் கேட்ட சத்தம் நின்றதும் கரையில் ஒரு வெறுமை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது முருங்கையிலை சுளகில் மஞ்சளாகிப் போய்க் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த நாள் முள்ளிக்குளத்து ஆட்கள் எங்கள் போட்டைக் கண்டார்கள். கவிழ்ந்திருந்தது. வலை அதில் சுற்றிக்கொண்டு கிடந்தது, வலைக்குள் நண்டுகள் உயிரோடு இருந்தனவாம். அவர் இல்லை. அவர் இன்றுவரை இல்லை. உடல் இல்லாமல் படத்தை வைத்துப் பூசை ஒப்புக்கொடுத்தோம். மாமி நேர்த்தியை விடவில்லை. வராத மகனுக்காக மடுவுக்கு நடந்தார், நானும் கூட நடந்தேன். வழி முழுக்க இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நன்றி சொல்ல ஒன்றும் இல்லாமல் நேர்த்தி செய்யப் போகிறவர்கள் என்ன கதைப்பது?

அந்தச் சிலாவத்துறை மனுசனின் வீட்டில் இருந்து, நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது. மருமகன்தான் கொண்டுவந்தார். அவருக்கு அப்போது பிள்ளை பிறந்திருந்தது. நான் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர் தலை மறைந்ததும் கோழிக்குப் போட்டேன். அடுத்த பெருநாளுக்கும் வந்தது. அதை மாமி சாப்பிட்டார். அதற்கடுத்த பெருநாளுக்கு நானும் ஒரு துண்டு எடுத்தேன். இனிப்பாக இருந்தது.

பைக் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஹெட் லைட்டுக்குப் பின்னால் புதுக் கனெக்டர் போட்டு, சனிக்கிழமைகளில் கழற்றித் துடைத்து வஸ்லின் பூசி மாட்டுகிறேன். இப்போது முழு வண்டியும் என் பகுதி, எல்லை இல்லை. ஒன்றைத் தவிர. பின் சிவப்பு லைட்டடியில் அவர் சுற்றிய கட்டு அப்படியே இருக்கிறது. அந்த லைட் எரிவதை நிறுத்திவிட்டது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், பார்க்கத் தேவையில்லை. மன்னாருக்குப் போகிற வழியில் பொலிஸ்காரர் மறித்துப் பேசுவார்கள். செய்விக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். வண்டியைக் கழுவும்போது அந்த முடிச்சில் விரல் படும். ஒரு பிளேட் வெட்டோடு முடிகிற வேலை. இந்தக் கையால் முடியவில்லை.

இப்போது எங்கள் கரையில் ஒரு போட் சுணங்கினால், கோட்டையடிக்கு வரச் சொல்லி எனக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். போகிறேன். தங்கச்சிக்கு நான் போவது பிடிக்காது, போய் வந்தால் கிழமைக்கணக்கில் நான் நித்திரை கொள்வதில்லை என்கிறாள். உண்மைதான். மேட்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கடலுக்கு நேரே திருப்பி முறுக்குவேன். பக்கத்தில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு கடலில் ஒரு பொட்டு வெளிச்சம் ஆடும், அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். அந்த நேரம் எனக்கு முதலில் வருவது சந்தோசம் இல்லை, பொறாமைதான்; அது வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன், அவளுடைய ஆள் கரையில் கால் வைக்கும்வரை முறுக்கின கையை மட்டும் எடுப்பதில்லை.